சீல் விழுவதற்கு முன்

வேதநாயகி ஆட்டுத்தலை சுட்டுப் பிழைத்தவள். பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டின் பின்பக்கம், கறிக்கடை வரிசை முடிகிற மூலையில் கரி அடுப்போடு உட்கார்ந்திருப்பாள். தலையும் காலும் வாங்கினவர்கள் அவள் முன்னால் கொண்டுவந்து போடுவார்கள். கம்பியில் குத்தி, முடி பொசுங்க வாட்டி, கத்தியால் சுரண்டி, வெட்டிக் கொடுப்பாள். முப்பது வருஷமாக அதே மூலை, அதே வேலை. அந்தத் தீய்ந்த வாடை அவள் சேலையை விட்டு எந்தச் சோப்புக்கும் போனதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்தினால், "இன்னாமா, ஞாயித்துக்கெழம துன்னச்சொல்ல நாறலியா?" என்று கேட்டுவிடுவாள். அதற்குப் பிறகு அந்த சீட்டு முழுக்க அவளுக்குத்தான்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் ஜீவனஹள்ளிக்கு வாக்கப்பட்டு வந்தவள். பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. புருஷன் இராஜமாணிக்கம் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் தூக்கினான். குடிப்பான், ஆனால் அடிக்க மாட்டான். அந்தத் தெருவில் அதுவே பெரிய விஷயம். எழுபத்தி நாலில் இரண்டு அறையும் ஷீட் கூரையுமாக ஒரு வீட்டை வாங்கி, ஒழுங்காக ரிஜிஸ்தரும் செய்திருந்தான். பிள்ளை இல்லை. தொண்ணூற்றி ரெண்டில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

செத்தவனுக்குக் காரியம் முடிந்ததும் வேதநாயகி ஒரு தப்புச் செய்தாள். ரயில்வேயிலிருந்து வர வேண்டியதற்கெல்லாம் எழுதிப் போட வேண்டும் என்று, வீட்டிலிருந்த காகிதக் கட்டை அப்படியே தூக்கிக் கொழுந்தன் முனியப்பனிடம் கொடுத்தாள். அவன் லிங்கராஜபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். படித்தவன், புருஷனின் சொந்தத் தம்பி, அவனை விட்டால் யார் என்று நினைத்தாள். பத்து நாள் கழித்துக் கட்டைத் திருப்பிக் கொடுத்தான். ஒரு காகிதம் குறையவில்லை. அவள் அவனுக்கு அரைக்கிலோ கறி வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். பிற்பாடு அந்தக் கறியை நினைத்துத்தான் அவளுக்கு வயிறு அதிகம் எரிந்தது.

தொண்ணூற்றி அஞ்சில் ஒரு நாள் கோர்ட் ஆள் வந்து காகிதம் நீட்டினான். பக்கத்து வீட்டு அம்புஜம் ஒரு ஸ்கூலில் ஆயா. எட்டாவது வரை படித்தவள், கன்னடம் வாசிப்பாள். அவள் வாசலில் நின்றபடி படித்தாள். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

"அக்கா, எம்பத்தி ஒம்பதுலயே உன் வூட்டுக்காரரு இந்த வூட்ட முனியப்பனுக்கு வித்துட்டாராம். பத்து ரூபா பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாராம். உன்ன காலி பண்ணச் சொல்லிக் கேஸ் போட்டுக்கீறான்."

"யாரு?"

"உன் கொழுந்தன்தான்."

வேதநாயகி அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே லிங்கராஜபுரம் போனாள். முனியப்பன் கடையில் ஆள் இருந்தது. அவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினான்.

"அண்ணி, கோவப்படாதீங்க. உங்கள யாரு வெளிய போகச் சொன்னது? புள்ள குட்டி இல்லாதவங்க, உங்களுக்கு எதுக்கு முழு வூடு? பின்னாடி ரூம்ல இருந்துக்கோங்க, சாகற வரைக்கும்."

"யாரு சாகற வரைக்கும்? அதயும் சொல்லிடு, நாள் பாத்து வெச்சிக்கறேன்."

கடையில் நின்ற ஒரு காலேஜ் பையன் சிரித்துவிட்டான். முனியப்பன் முகம் கறுத்தது. "கோர்ட்ல பாத்துக்கலாம் போங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஜென்மத்துக்கிட்ட இன்னா பேச்சு."

சாதிசனம் நாலு பேர் கூடிப் பேசினார்கள். பின்னறையை அவளுக்கு எழுதி வாங்கிக்கொடுத்து சமாதானமாகப் போகலாம் என்றார்கள். என் வீட்டில் எனக்கே பின்னறையா என்று கேட்டாள். டீ மட்டும் எல்லோரும் குடித்துவிட்டுப் போனார்கள்.

வக்கீல் சேஷகிரி, அம்புஜம் பார்த்துச் சொன்ன ஆள். கன்னடக்காரர், நல்ல மனுஷன். ஒரே குறை, ஒரே சமயத்தில் நாலு கோர்ட்டில் அவருக்குக் கேஸ் இருக்கும். அவரிடம் வேதநாயகி கோர்ட்டிலிருந்து வந்த காகிதத்தைப் பிரித்து வைத்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இது இன்னா சார்?"

சேஷகிரி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். கையெழுத்தின் வாலுக்குக் கீழே, வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி ஒரு வளைந்த கோடு. அரை அங்குலம்கூட இருக்காது. அவர் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்திருந்தார். கோடு கண்ணில் படவேயில்லை. இவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் காகிதத்தில் இருந்த எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"அவரு ரயில்வே சொசைட்டில லோன் வாங்கின ஃபாரம் எங்கிட்ட கீது. அதுல ரவுண்டு சீலு, அது மேல கையெழுத்து. அந்தச் சீலோட ஓரம் சார் இது. கட்ட வாங்கினு போனான் பாருங்க, அப்ப அந்த ஃபாரத்த ஜெராக்ஸ் எடுத்து, அதுலருந்து கையெழுத்த வெட்டி இதுல ஒட்டி, திரும்ப ஜெராக்ஸ் போட்டுக்கீறான். தொழிலே அதான அவனுக்கு."

சேஷகிரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு, "நோடம்மா, பாருங்க, இது பொய்னு நிரூபிக்க ஒரிஜினல் வேணும். ஜெராக்ஸ வெச்சுக் கையெழுத்து நிபுணர் ஒண்ணும் சொல்ல மாட்டார். ஒரிஜினல் வரட்டும்" என்றார்.

"வராது. இருந்தாத்தான வரும்."

அது முதல் இரண்டு வருஷம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அடுப்பை அம்புஜத்தின் தங்கையிடம் விட்டுவிட்டு சிவில் கோர்ட்டுக்குப் போவாள். கோர்ட்டில் உட்கார்ந்தால் பொறுமை வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதுகு வலிதான் வரும். மற்ற கட்சிக்காரர்கள் வராந்தாவில் கடலை தின்று பொழுது போக்குவார்கள். வேதநாயகி ஹாலுக்குள்ளேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்தவன் கேஸையெல்லாம் பார்ப்பாள். பக்கத்திலிருப்பவர்கள் வாடை தாங்காமல் தள்ளிப் போவதால் தாராளமாக இடம் கிடைத்தது.

நாற்பது வருஷம் பெங்களூரில் இருந்தவளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. வக்கீல்கள் இங்கிலீஷ் பேசும்போது மட்டும் கையையும் முகத்தையும் பார்ப்பாள். ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற பெஞ்ச் கிளார்க் சின்னப்பா என்ன செய்கிறான் என்பதை அவள் அளவுக்குக் கவனித்தவர் அந்த ஹாலில் இல்லை. சாட்சிக் கூண்டில் நிற்பவன் ஒரு காகிதத்தைக் காட்டுவான். வக்கீல் அதை மேலே கொடுப்பார். ஜட்ஜ் எதிர்த்தரப்பைப் பார்ப்பார். அந்தப் பக்கம் யாரும் வாய் திறக்காவிட்டால் காகிதம் சின்னப்பாவிடம் இறங்கும். அவன் ரப்பர் சீலை மையில் ஒத்தி ஒரு குத்துக் குத்தி, சிவப்பு மையில் நம்பர் எழுதுவான். அவ்வளவுதான், அந்தக் காகிதம் கேஸுக்குள் வந்துவிட்டது.

ஒரு நாள் வேறொருத்தர் கேஸில் ஒரு வக்கீல் தன் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்துவிட்டு, சின்னப்பா சீல் குத்தின பிறகு எழுந்து, ஸ்டாம்ப் பத்தாது என்று கத்தினார். ஜட்ஜ் அந்தச் சீலை விரலால் காட்டினார். "ஆகி ஹோயித்து" என்றார். முடிந்துபோனது, உட்கார் என்கிற அர்த்தம். வக்கீல் முகம் செத்துவிட்டது.

அன்றைக்கே வராந்தாவில் சேஷகிரியை மடக்கினாள். "சார், சீலு குத்தினப்புறம் பேசினா கேக்க மாட்டாங்களா?"

"ஸ்டாம்ப் விஷயமா இருந்தா கேக்க மாட்டாங்க. ஜெராக்ஸ் விஷயமும் அப்படித்தான். அத நம்பர் விழறதுக்கு முன்னாடி சொல்லணும். அப்புறம் ஹைகோர்ட்டுக்கே போனாலும், அன்னைக்கு ஏன் வாய மூடிட்டு இருந்தேன்னு கேப்பாங்க."

"கட்சிக்காரங்க சொல்லலாமா, வக்கீலுதான் சொல்லணுமா?"

சேஷகிரி சிரித்தார். "நான் எதுக்கு இருக்கேன் வேதம்மா?"

எதுக்கு இருந்தாரோ, தொண்ணூற்றி ஏழு ஜூலையில் முனியப்பன் கூண்டேறின அன்றைக்கு அவர் மூன்றாவது மாடியில் இருந்தார். காலையில் வந்து, "நம்ம கேஸ் பன்னெண்டு மணிக்கு மேலதான், பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிப் போனவர். வெளியே மழை கொட்டியது. பாதி வக்கீல்கள் வந்து சேரவில்லை. அதனால் பதினொன்றுக்கே கூப்பிட்டுவிட்டார்கள்.

முனியப்பன் வெள்ளைச் சட்டையில் கூண்டில் ஏறினான். அவன் வக்கீல் சுந்தரேசன் சேஷகிரியின் காலி நாற்காலியை ஒரு தரம் பார்த்தார். அதற்கப்புறம் அவசர அவசரமாகக் கேள்வி கேட்டார். அண்ணன் வீட்டை விற்றானா? விற்றான். எழுதிக் கொடுத்தானா? கொடுத்தான். அசல் பத்திரம் எங்கே? கடையில் மழைத்தண்ணீர் புகுந்து ஊறி, எலி கடித்துப் போய்விட்டது. நகல் இருக்கிறதா?

"இருக்கு. நானே என் கடையில ஜெராக்ஸ் போட்டு வெச்சிருந்தேன்" என்று முனியப்பன் பெருமையாகச் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அசலுக்கும் நகலுக்கும் என்ன வித்தியாசம்? இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் அதைத்தானே விற்றுக்கொண்டிருந்தான்.

காகிதம் மேலே போனது. ஜட்ஜ் அதைப் புரட்டிவிட்டு எதிர்த்தரப்பு நாற்காலியைப் பார்த்தார். யாரும் இல்லை. "நோ அப்ஜெக்‌ஷன்?" என்று பொதுவாகக் கேட்டார். சுந்தரேசனுக்கு ஏன் வாய் வரப்போகிறது? காகிதம் சின்னப்பாவிடம் இறங்கியது. அவன் மைப்பெட்டியைத் திறந்தான்.

கடைசி பெஞ்சில் வேதநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்தாள். சேஷகிரியைக் காணோம். சின்னப்பா சீலை எடுத்து மையில் ஒத்தினான். அந்தச் சீல் இறங்கினால் அவள் வீடு போனது. வேறு ஒன்றும் யோசிக்கவில்லை, எழுந்து நின்றாள்.

"ஸ்வாமீ! நம்பர் ஹாக்கபேடி!"

தலை வெட்டும்போது மார்க்கெட்டின் அந்தக் கோடி வரை கேட்கிற குரல் அது. நம்பர் போடாதீர்கள் என்ற அந்தச் சத்தத்தில் சின்னப்பாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சீலிலிருந்து ஒரு சொட்டு மை அவன் பேன்ட்டில் விழுந்தது.

டவாலி ஓடிவந்து அவள் தோளைத் தொடப் பார்த்தான். "தொட்டுப் பாரு" என்றாள் மெதுவாக. அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பேச்சு முழுக்கக் கன்னடத்தில் நடந்தது. "யாரம்மா நீ?"

"அந்த வீட்டுக்காரி நான்தான் சாமி. இந்தக் கேஸே என் மேலதான்."

"உன் வக்கீல் எங்கே?"

"மூணாவது மாடியில இன்னொருத்தர் வீட்டைக் காப்பாத்திக்கிட்டிருக்கார்."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்தார். "என்ன ஆட்சேபம், சொல்."

சுந்தரேசன் துள்ளி எழுந்தார். "யுவர் ஆனர், கைநாட்டு வைக்கிற பெண்மணி. சட்டம் என்ன தெரியும் இவருக்கு?"

"சட்டம் தெரியாதுங்க. காகிதம் தெரியும்" என்று அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள். முன் பெஞ்சின் மேல் சாய்ந்து பிடித்துக்கொண்டாள். "சாமி, அது ஜெராக்ஸ். அசல் இல்லை. அசலை எலி தின்னுடுச்சாம். அந்த எலி ஜெராக்ஸை மட்டும் ஏன் விட்டு வெச்சதுன்னு எனக்குத் தெரியாது. பத்து ரூபாய் பத்திரத்தில் வீட்டை வித்ததா எழுதியிருக்கு. ஸ்டாம்ப் பத்தாது. ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கமே அது போகலை. அதுக்கு நம்பர் போட்டா அப்புறம் நான் எங்கே போனாலும் கேக்க மாட்டாங்க. அதனால் இப்பவே சொல்றேன். வேண்டாம்."

ஜட்ஜ் சின்னப்பாவின் முன்னால் இருந்த காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார், முன்பக்கம், பின்பக்கம்.

"கட்சிக்காரர் நேரில் ஆட்சேபிக்கலாம். இவரும் ஆட்சேபித்துவிட்டார்" என்று சுந்தரேசனிடம் சொல்லிவிட்டு, டைப் அடிக்கிறவளிடம் இங்கிலீஷில் நாலு வரி சொன்னார். பிறகு வேதநாயகியிடம், "எழுதிக்கொண்டேன். முடிவு செய்யும்வரை நம்பர் இல்லை. உட்கார், விழுந்துவிடப் போகிறாய்" என்றார்.

சின்னப்பா சீலைப் பெட்டியில் வைத்து மூடினான். வேதநாயகி அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம்தான் சேஷகிரி கறுப்பு கவுன் பறக்க ஓடிவந்தார். நடந்ததைச் சின்னப்பா கிசுகிசுத்தான். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் வெட்கமும் இருந்தது. வராந்தாவில் கையைப் பிடித்துக்கொண்டார். "வேதம்மா, என் மானத்தையும் சேர்த்துக் காப்பாத்திட்டீங்க."

"மானம் கெடக்கட்டும் சார். அடுத்த வாய்தாவுக்கு மூணாவது மாடிக்குப் போனா நானே மேல வந்து இட்டுக்கினு வருவேன்."

அடுத்த வாய்தாவுக்கு அவர் எங்கும் போகவில்லை. ஒரு மணி நேரம் வாதாடினார். பதினைந்து நாளில் ஜட்ஜ் உத்தரவு போட்டார். அந்த நகலை எந்தக் காரியத்துக்கும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. அசலாக இருந்தால், குறைந்த ஸ்டாம்புக்கு அபராதம் கட்டியாவது உள்ளே வர வழி இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். நகலுக்கு அந்த வழியும் கிடையாது. சேஷகிரி இதைச் சந்தோஷமாக விளக்கினார். வேதநாயகி முகம் மலரவில்லை.

"அது பொய்ப் பத்திரம்னு சொன்னாங்களா?"

"அதுக்குள்ள அவங்க போகவே இல்ல. பொய்யா நெஜமான்னு பாக்க முதல்ல காகிதம் உள்ள வரணும். இத வாசல்லயே நிறுத்திட்டாங்க."

வேதநாயகி யோசித்தாள். "வாசல்லயே நிறுத்தினா சரிதான். உள்ள வுட்டுட்டுத் தொரத்தறது கஷ்டம். எனக்குத் தெரியாதா?"

அந்தக் காகிதம் இல்லாமல் முனியப்பனிடம் ஒன்றுமே இல்லை. குறுக்கு விசாரணையில் சேஷகிரி, வீடு உன்னுடையது என்று சொல்ல வேறு ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. வரி கட்டினாயா? இல்லை. கரண்ட் பில்? இல்லை. எழுபத்தி நாலாம் வருஷத்து ரிஜிஸ்தர் பத்திரத்தை வேதநாயகி கொடுத்தபோது ஆட்சேபம் சொல்ல சுந்தரேசனிடம் எதுவும் இல்லை. சின்னப்பா சீலை ஓங்கிக் குத்தினான். அந்தச் சத்தத்தை மட்டும் அவள் ரசித்துக் கேட்டாள்.

தொண்ணூற்றி எட்டு மார்ச்சில் கேஸ் தள்ளுபடி. முனியப்பன் ஹைகோர்ட்டுக்குப் போனான், அங்கேயும் இரண்டு வருஷத்தில் தோற்றான். கார்ப்பரேஷனில் வீட்டு வரிக் கணக்கான காத்தா வேதநாயகி பெயருக்கு மாறியது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டு, "நல்லா விழுந்திருக்கா பாரு, இன்னொரு தரம் வேணும்னாலும் வெக்கிறேன்" என்று கிளார்க்கிடம் சொன்னாள்.

ஜீவனஹள்ளியில் அவளைப் பற்றிக் கதை பரவிவிட்டது. மார்க்கெட்டுக்குத் தலை சுட வருகிறவர்கள் பத்திரத்தையும் எடுத்துவர ஆரம்பித்தார்கள். "எனக்குப் படிக்கத் தெரியாது, லாயர்கிட்டப் போ. ஆனா அன்னிக்கு நீயும் கூடப் போயி உள்ள உக்காரு. கடலை துன்னுக்கினு வெளிய நிக்காத" என்று எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஷீட் கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் மோல்டிங் போட்டாள். முப்பது பேர் வேலைக்கு வந்தார்கள். தெருவையே அடைத்துக்கொண்டு மிக்ஸர் மிஷின் கடகடவென்று ஓடியது. மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி. அப்போது பார்த்து முனியப்பன் மொபெட்டில் வந்து, வழி அடைபட்டு நின்றான். திரும்பவும் முடியவில்லை, முன்னால் போகவும் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்த பாதி ஆட்கள் தட்டும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா முனியப்பா, வெய்யில்ல நிக்கற? எறங்கி வா, துன்னுட்டுப் போ" என்று கூப்பிட்டாள் வேதநாயகி. "பயப்படாத, கையெழுத்து ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அம்புஜம் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டாள். முனியப்பன் தலையைக் குனிந்துகொண்டு மொபெட்டை ஸ்டாண்ட் போட்டான். எங்கேயும் போக வழி இல்லாததால் இறங்கி வந்து, கொடுத்த தட்டை வாங்கிக்கொண்டான். வேதநாயகி தன் கையாலேயே இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டாள். அவன் நின்றுகொண்டே தின்றான். அவன் தின்று முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே இடுப்பில் கை வைத்து நின்று, மீதிப் பேர் ஜல்லியும் சிமெண்டும் சட்டி சட்டியாக மேலே ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.